ராக்கி ஃப்ளாட்ஸ் அணு ஆயுத ஆலையின் துப்புரவு: ஒப்பந்த நிறுவனத்தின் பங்கு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராக்கி ஃப்ளாட்ஸ் எங்கே இருக்கிறது? அங்கே என்ன செய்தார்கள்?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வர் நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், ராக்கி மலைத்தொடரின் அடிவாரத்துப் புல்வெளியில் இந்த ஆலை இருந்தது. 1952 முதல் 1989 வரை, ஹைட்ரஜன் குண்டின் முதற்கட்ட வெடிப்பைத் தூண்டும் புளூட்டோனிய உள்ளகங்கள் இங்கே உருவாக்கப்பட்டன. மின்சாரம் தயாரிக்கும் அணு உலை எதுவும் இங்கே இருந்ததில்லை. புளூட்டோனியத்தை உருக்கி, வார்த்து, கடைந்து வடிவமைக்கும் உலோகப் பட்டறைகளும், மிச்சத் துண்டுகளிலிருந்து அதை மீட்டெடுக்கும் வேதியியல் கூடங்களுமே இருந்தன. ஆகவே இங்கே நடந்த துப்புரவைப் புரிந்துகொள்ள, கதிரியக்கம் கொண்ட நுண்தூளை நினைத்துக்கொள்ள வேண்டும். அணு உலையின் எரிபொருள் கோல்களைப் பற்றிய நம் வழக்கமான கற்பனை இங்கே உதவாது.

இடம் எப்படி மாசடைந்தது?

இரண்டு பெரிய தீ விபத்துகள் பரவலாக அறியப்பட்டவை. 1957 செப்டம்பரில் 771-ஆம் கட்டடத்திலும், 1969 மே மாதத்தில் 776, 777 ஆகிய கட்டடங்களிலும் புளூட்டோனியம் தீப்பற்றியது. சுற்றுவட்டார மண்ணைப் பெரிதும் மாசுபடுத்தியதோ சத்தமில்லாமல் நடந்த வேறொன்று. புளூட்டோனியம் கலந்த வெட்டெண்ணெயும் (உலோகத்தைக் கடையும்போது ஊற்றும் எண்ணெய்) கரைப்பான்களும் நிரம்பிய பல்லாயிரம் பீப்பாய்கள், 1950-களின் இறுதியிலிருந்து 903 என்று எண்ணிட்ட திறந்தவெளித் திடலில் ஆண்டுக்கணக்கில் நின்றன. அவை துருப்பிடித்துக் கசிந்தன; எண்ணெய் மண்ணில் ஊறியது; மலையடிவாரத்துக்கே உரிய பலத்த மேலைக்காற்று அந்த மண்ணைக் கிழக்கே கொண்டுசென்றது. 1969 தீக்குப் பிறகு எட்வர்ட் மார்ட்டெல் என்ற அறிவியலாளர் ஆலைக்கு வெளியே மண்ணைச் சோதித்தபோதுதான், வேலிக்கு அப்பாலும் புளூட்டோனியம் படிந்திருப்பது வெளியுலகுக்குத் தெரியவந்தது.

1989 ஜூன் 6 அன்று மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ, சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையுடன் சேர்ந்து ஆலையைச் சோதனையிட்டது. ஓர் அரசு நிறுவனம் இன்னோர் அரசுத் துறையின் ஆயுத ஆலைக்குள் சோதனை ஆணையுடன் நுழைந்த அந்த நிகழ்வோடு உற்பத்திக் காலம் ஏறத்தாழ முடிவுக்கு வந்தது.

ஒப்பந்த நிறுவனம் என்று யாரைச் சொல்கிறோம்? அரசே ஏன் செய்யவில்லை?

அமெரிக்க அணு ஆயுதத் துறை தொடக்கம் முதலே, இடத்தையும் பொருளையும் அரசு வைத்துக்கொள்ள, ஆலையைத் தனியார் நடத்தும் ஏற்பாட்டில்தான் இயங்கிவந்தது. ராக்கி ஃப்ளாட்ஸை முதலில் டௌ கெமிக்கல் நடத்தியது. 1975 முதல் ராக்வெல் இன்டர்நேஷனல். சோதனைக்குப் பின் இஜி அண்டு ஜி. 1995-இல் கைசர்-ஹில் பொறுப்பேற்றது. ஐசிஎஃப் கைசர், சிஎச்2எம் ஹில் என்ற இரு பொறியியல் நிறுவனங்கள் சேர்ந்து இந்தப் பணிக்கென்றே தொடங்கிய கூட்டு நிறுவனம் அது.

இடத்தின் உரிமையாளர் எரிசக்தித் துறை. விதிமுறைகளைக் கண்காணிப்பவை மத்திய அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் கொலராடோ மாநிலச் சுகாதாரத் துறையும். இந்த மூன்று தரப்பும் 1996 ஜூலையில் ராக்கி ஃப்ளாட்ஸ் துப்புரவு உடன்பாட்டில் கையெழுத்திட்டன. ஒப்பந்த நிறுவனம் அந்த உடன்பாட்டில் ஒரு தரப்பு அல்ல. எவ்வளவு சுத்தம் போதும் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. தீர்மானிக்கப்பட்ட அளவுக்குச் சுத்தம் செய்து முடிப்பதே அதன் கடமை. பொதுமக்கள் கோபமெல்லாம் பெரும்பாலும் ஒப்பந்த நிறுவனத்தின் மீதே திரும்புவதால், இந்த வேறுபாட்டைத் தெளிவாக வைத்துக்கொள்வது நல்லது.

70 ஆண்டு ஆகும் என்ற வேலை 10 ஆண்டில் முடிந்தது எப்படி?

1995-இல் எரிசக்தித் துறையின் மதிப்பீடு ஏறத்தாழ 65 முதல் 70 ஆண்டுகள், 3,600 கோடி டாலருக்கும் மேல் என்று இருந்தது. கைசர்-ஹில் 2005 அக்டோபர் 13 அன்று களப்பணி முடிந்ததாக அறிவித்தது. பத்தாண்டுச் செலவு ஏறத்தாழ 700 கோடி டாலர். இந்த வித்தியாசத்தை ஒப்பந்த நிறுவனத்தின் திறமை என்று மட்டும் சொன்னால் பாதிக் கதையே சொல்லப்பட்டதாகும்.

முதலாவது, பழைய மதிப்பீட்டில் பெரும் பங்கு சும்மா இருப்பதற்கான செலவு. ஆயுதத்தரப் புளூட்டோனியம் ஓரிடத்தில் இருக்கும்வரை அங்கே ஆயுதம் ஏந்திய காவலர்கள், இரட்டை வேலி, இரவும் பகலும் ஓடும் காற்றோட்ட விசிறிகள், வடிகட்டி மாற்றும் ஆள்கள் எல்லாம் தேவை. கட்டடம் ஒன்றைக்கூட இடிக்காமல் ஆண்டுக்குப் பல கோடி டாலர் இப்படியே கரையும். எனவே பொருளை முதலில் 371-ஆம் கட்டடத்தில் ஒன்றுதிரட்டி, காவல் எல்லையைச் சுருக்கி, பிறகு மொத்தத்தையும் மாநிலத்துக்கு வெளியே அனுப்பிவிடுவதை எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்தார்கள். 2003-இல் கடைசிப் புளூட்டோனியம் வெளியேறியதும் அந்தச் செலவு அடியோடு நின்றது.

இரண்டாவது, அமெரிக்க நாடாளுமன்றம் ஆண்டுதோறும் ஏறத்தாழ 65 கோடி டாலரைத் தடையின்றி ஒதுக்கியது. அடுத்த ஆண்டு பணம் வருமா என்று தெரியாத நிறுவனம் நீண்டகாலத் திட்டம் போட முடியாது.

மூன்றாவது, ஒப்பந்தத்தின் அமைப்பு. 2000 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த மூடல் ஒப்பந்தம் இலக்குச் செலவாக ஏறத்தாழ 396 கோடி டாலரையும், இலக்கு நாளாக 2006 டிசம்பர் 15-ஐயும் குறித்தது. இலக்குக்குக் கீழே மிச்சமாகும் ஒவ்வொரு டாலரிலும் 30 சதம் நிறுவனத்துக்கு, மீதி அரசுக்கு. இலக்கைத் தாண்டினால் அதேபோல் கட்டணத்தில் வெட்டு. முன்பெல்லாம் எத்தனை அறிக்கை கொடுத்தார்கள், எத்தனை இடைக்கட்ட வேலை முடித்தார்கள் என்று பார்த்துக் கட்டணம் கொடுப்பது வழக்கம். இந்த ஒப்பந்தத்தில் இடம் முழுவதும் மூடப்படுவது ஒன்றே கணக்கு. இலக்குக் கட்டணம் 34 கோடி டாலர். இறுதியில் நிறுவனம் பெற்றது ஏறத்தாழ 51 கோடி டாலர்.

நான்காவது காரணத்தைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்: முடிவுநிலை எது என்பதையே மாற்றியமைத்தார்கள். எல்லாவற்றையும் தோண்டி எடுப்பது என்ற கணக்கு வேறு; ஆழத்தில் சிலவற்றை விட்டுவைப்பது என்ற கணக்கு வேறு. கீழே மண்ணைப் பற்றிய பதிலில் இதை விரிவாகக் காணலாம்.

ஒப்பந்தப்படி அரசு செய்ய வேண்டியவை எவை?

கழிவையும் புளூட்டோனியத்தையும் பெற்றுக்கொள்ளும் இடங்களைத் திறந்து வைப்பது, போக்குவரத்துக்கு ஏற்பாடு செய்வது, ஆவணங்களை உரிய காலத்தில் பரிசீலித்து ஒப்புதல் தருவது ஆகியவை அரசின் கடமைகளாக ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்தன. இது வெறும் சம்பிரதாயம் அல்ல. புளூட்டோனியம் தென் கரோலினாவில் உள்ள சவன்னா ரிவர் வளாகத்துக்குப் போக வேண்டியிருந்தபோது, அம்மாநில ஆளுநர் ஜிம் ஹாட்ஜஸ் 2002-இல் நீதிமன்றம் சென்றார். தேவைப்பட்டால் லாரிகளுக்கு முன்னால் படுப்பேன் என்றும் சொன்னார். தங்கள் மாநிலம் நிரந்தரக் கிடங்காகிவிடும் என்ற அவருடைய அச்சம் நியாயமானதே. நீதிமன்றம் அவருடைய கோரிக்கையை ஏற்கவில்லை, சரக்கு நகர்ந்தது. இத்தகைய தடையை எந்தத் தனியார் நிறுவனமும் தானாக நீக்கிவிட முடியாது.

கட்டடங்களுக்குள் வேலை எப்படி நடந்தது?

771-ஆம் கட்டடத்தை 1990-களில் அமெரிக்காவின் மிக அபாயகரமான கட்டடம் என்று தொலைக்காட்சிகள் வருணித்தன. அங்கே சில அறைகளை ஊழியர்கள் முடிவிலி அறைகள் என்று அழைத்தார்கள். உள்ளே கதிர்வீச்சு அளவுமானியின் முள் அளவுகோலின் எல்லையைத் தாண்டிப் போய்விடும் என்பதால் வந்த பெயர்.

புளூட்டோனிய வேலை எல்லாம் கையுறைப் பெட்டிகளுக்குள் நடந்தது. துருப்பிடிக்காத எஃகால் ஆன, கண்ணாடிச் சாளரம் பதித்த, ஈயம் கலந்த ரப்பர் கையுறைகள் பொருத்திய நீண்ட பெட்டிகள் அவை. ராக்கி ஃப்ளாட்ஸில் அப்படி 1,400-க்கும் மேற்பட்டவை இருந்தன. தொடக்கத்தில் அவற்றை ஒவ்வொன்றாக அறுத்துத் துண்டாக்கிப் பீப்பாயில் அடைத்தார்கள். காற்று வழங்கும் முழு உடுப்பு அணிந்து, பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் நின்று, மின்ரம்பத்தால் எஃகை அறுக்கும் வேலை அது. கூர்மையான விளிம்பு ஒன்று உடுப்பைக் கிழித்தாலே போதும், ஆபத்து உள்ளே வந்துவிடும். வெப்பமும் களைப்பும் வேறு.

பிறகு கண்டுபிடித்த வழி வேலையின் போக்கையே மாற்றியது. சீரியம் நைட்ரேட் கரைசலைப் பெட்டியின் உட்சுவரில் தெளித்துத் துடைத்தால், அது எஃகின் மிக மெல்லிய மேற்படலத்தைக் கரைத்து, அதில் ஒட்டியிருக்கும் புளூட்டோனியத்தையும் தன்னோடு எடுத்துவிடும். ஒரு கிராமுக்கு 100 நானோகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்பதே எல்லைக்கோடு. அதற்கு மேல் இருந்தால் ஆழ்நிலக் கிடங்குக்குப் போக வேண்டிய கழிவு, கீழே வந்துவிட்டால் தாழ்நிலைக் கழிவு. இப்படிக் கழுவிய பெட்டியை அறுக்காமல் முழுதாகவே கட்டி அனுப்ப முடிந்தது. செலவு குறைந்ததைவிட, ரம்பத்தோடு மனிதர் நிற்க வேண்டிய நேரம் குறைந்தது பெரிய ஆதாயம் என்பதே என் கருத்து.

பெட்டிகளும் குழாய்களும் வெளியேறிய பின், காற்றில் தூள் பறக்காதபடி ஒட்டும் தன்மையுள்ள திரவத்தைப் பனிபோலத் தூவி அறையிலுள்ள தூளைப் படியவைத்தார்கள். மாசடைந்த காங்கிரீட்டை உயரழுத்த நீரால் செதுக்கினார்கள். அளவெடுத்து ஒப்புதல் பெற்ற பிறகே இடிப்பு இயந்திரங்கள் வந்தன. மொத்தத்தில் 800-க்கும் மேற்பட்ட கட்டடங்களும் கட்டமைப்புகளும் அகற்றப்பட்டன.

இந்த வேலையைச் செய்தவர்கள் யார்? அவர்களுக்கு என்ன கிடைத்தது?

பலர் பழைய உற்பத்தித் தொழிலாளர்களே. எந்தக் குழாயில் எது ஓடியது, எந்த மூலையில் எப்போது கசிந்தது என்பது வரைபடத்தில் இல்லாமல் அவர்கள் நினைவில் இருந்தது. எஃகுத் தொழிலாளர் சங்கம் அவர்களைப் பிரதிநிதித்துவப்படுத்தியது. வேலை எவ்வளவு விரைவாக முடிகிறதோ அவ்வளவு விரைவாகத் தங்கள் பிழைப்பும் முடியும் என்று தெரிந்தே அவர்கள் உழைத்தார்கள். நிறுவனம் தன் கட்டணத்தில் ஒரு பகுதியை ஊக்கத்தொகையாகப் பகிர்ந்தது.

ஆனாலும் ஒரு குறை ஆறாமல் நின்றது. திட்டம் ஓராண்டுக்கும் மேல் முன்னதாக முடிந்ததால், ஓய்வூதியத்துக்கும் ஓய்வுக்கால மருத்துவ வசதிக்கும் தகுதிபெறச் சில மாதங்களே மீதமிருந்த ஊழியர் சிலர் அவற்றை இழந்தார்கள். விரைந்து முடித்ததற்காக நிறுவனத்துக்குப் பரிசு கொடுத்த அதே ஒப்பந்தம், விரைந்து முடித்தவர்களையே தண்டித்தது போலாயிற்று. ஒப்பந்தம் எழுதும்போதே இதை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

விபத்தே இல்லாத பணியும் அல்ல. ஊழியர்களின் உடலுக்குள் புளூட்டோனியம் புகுந்த சம்பவங்கள் பதிவாகியுள்ளன. 2003 மே மாதத்தில் 371-ஆம் கட்டடத்தில் கையுறைப் பெட்டி ஒன்று தீப்பிடித்தது. உற்பத்திக் காலத்திலும் துப்புரவுக் காலத்திலும் கதிர்வீச்சால் நோயுற்றவர்களுக்கு 2000-இல் இயற்றப்பட்ட மத்தியச் சட்டத்தின் கீழ் இழப்பீடு கோரலாம். ஆனால் பழைய கதிரளவுப் பதிவுகள் முழுமையாக இல்லாததால் பலர் நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது.

கழிவு எங்கே போனது?

ஆயுதத்தரப் பொருள்கள், 21 டன்னுக்கும் மேல், சவன்னா ரிவர் உள்ளிட்ட பிற அரசு வளாகங்களுக்குப் போயின. புளூட்டோனியம் அதிகம் கலந்த கழிவு ஏறத்தாழ 15,000 கனமீட்டர், நியூ மெக்சிகோவில் கார்ல்ஸ்பாட் அருகே உப்புப் படிவத்தில் 655 மீட்டர் ஆழத்தில் வெட்டிய கிடங்குக்குச் சென்றது. அந்தக் கிடங்கு 1999 மார்ச்சில்தான் திறந்தது. அது திறக்காமல் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. இவை தவிர 5 இலட்சம் கனமீட்டருக்கும் மேற்பட்ட தாழ்நிலைக் கழிவு மேற்கு மாநிலங்களின் புதைநிலங்களுக்குப் போனது. ஓரிடத்தைத் துப்புரவாக்குவது என்பது இன்னோரிடத்துக்கு மாற்றுவதும்கூட என்பதை அந்த மாநிலத்தவர் நன்றாகவே அறிவார்கள்.

மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்தார்கள்? அந்த அளவை யார் நிர்ணயித்தார்கள்?

பிகோகியூரி என்பது நானோகியூரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு; நிமிடத்துக்கு ஏறத்தாழ இரண்டு அணுச்சிதைவுகள் நிகழும் அளவு. 1996-இல் ஒரு கிராம் மண்ணில் 651 பிகோகியூரி வரை புளூட்டோனியம் இருக்கலாம் என்று அரசுத் துறைகள் முன்வைத்தன. சுற்றுவட்டார மக்கள் கொதித்தெழுந்தார்கள். அவர்களுடைய வற்புறுத்தலால் அரசு நிதியிலேயே, ஆனால் அரசுக்குக் கட்டுப்படாத ஆய்வுக்குழு ஒன்று கணக்கிட்டது. அது 35 என்ற எண்ணைப் பரிந்துரைத்தது. நீண்ட பேச்சுக்குப் பிறகு 2003-இல் ஏற்கப்பட்டது, மேல்மண்ணின் முதல் 3 அடிக்கு 50 பிகோகியூரி.

ஆனால் இந்த இறக்கத்துக்கு ஒரு விலை இருந்தது. 3 அடிக்கும் 6 அடிக்கும் இடையே அனுமதிக்கப்பட்ட அளவு பன்மடங்கு அதிகம்: சூழலைப் பொறுத்து கிராமுக்கு 1,000 முதல் 7,000 பிகோகியூரி வரை. 6 அடிக்குக் கீழே, நீர்வழியாகவோ அரிப்பாலோ மேலே வரும் வாய்ப்பு இருந்தாலொழிய, கட்டாய நீக்கம் கிடையாது. புளூட்டோனியம் மண்துகளோடு இறுகப் பிடித்துக்கொள்ளும், எளிதில் நீரில் கரைந்து ஓடாது. எனவே காற்றில் பறக்கக்கூடிய மேல்மண்ணில் பணத்தைச் செலவிடுவதே அறிவார்ந்தது என்பது இதற்குச் சொல்லப்பட்ட நியாயம். அறிவியல் அடிப்படையில் அதை நான் மறுக்கவில்லை. ஆயினும், திட்டத்துக்கென மொத்தப் பணம் முன்பே வரையறுக்கப்பட்டிருந்ததால் மேலே கூட்டியதைக் கீழே குறைத்துச் சரிக்கட்டினார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. புளூட்டோனியம்-239-இன் அரை ஆயுள் 24,100 ஆண்டுகள்; வளைதோண்டும் விலங்குகளும் மழையும் அரிப்பும் அத்தனை காலமும் இருக்கும்.

சில கட்டடங்களின் அடித்தளங்கள், நிலத்தடிக் குழாய்களின் பகுதிகள், இரு பழைய குப்பைமேடுகள் ஆகியவை இன்றும் அங்கேதான் இருக்கின்றன.

வேலை முடிந்தது என்று யார் உறுதி செய்தார்கள்?

ஒப்பந்த நிறுவனத்தின் அளவீடுகளை அப்படியே நம்பிவிடவில்லை. ஓக் ரிட்ஜ் ஆய்வு நிறுவனம் தனியே சரிபார்த்தது. வான்வழிக் கதிர்வீச்சு அளவீடும் நடந்தது. எரிசக்தித் துறை ஏற்றுக்கொண்ட பிறகு, 2006 செப்டம்பரில் ஒழுங்குமுறை அமைப்புகளின் இறுதி முடிவாவணம் வெளியானது. வேகமாக முடித்தால் பரிசு என்று விதித்த ஒப்பந்தத்தில், சோதிப்பவருக்கு அந்தப் பரிசில் பங்கு இருக்கவே கூடாது. இந்த ஒரு விதியில் விட்டுக்கொடுத்தால் மற்ற எல்லாப் பாதுகாப்பும் காகிதத்தோடு நின்றுவிடும்.

தவறு நேர்ந்தால் ஒப்பந்த நிறுவனம் பொறுப்பேற்குமா?

ஓரளவுக்குத்தான். சுற்றுச்சூழல் குற்றங்களுக்காக ராக்வெல் 1992-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 1.85 கோடி டாலர் அபராதம் செலுத்தியது. தனிநபர் எவர் மீதும் வழக்குத் தொடரப்படவில்லை. விசாரித்த நடுவர் குழுவினரில் பலர் அதை ஏற்கவில்லை. பாதுகாப்பு விதிமீறல்களுக்கு எரிசக்தித் துறை அபராதம் விதிக்கலாம். ஆனால் அணு விபத்தால் வெளியாருக்கு நேரும் இழப்புக்கு, பிரைஸ்-ஆண்டர்சன் சட்டப்படி அரசே ஒப்பந்த நிறுவனத்தைக் காக்கிறது. அண்டை நில உரிமையாளர்கள் டௌ, ராக்வெல் மீது 1990-இல் தொடுத்த வழக்கு 2016-இல் 37.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. இத்தகைய வழக்குகளின் சுமை இறுதியில் மக்கள் வரிப்பணத்தின் மீதே விழுகிறது. இந்தக் காப்பு இல்லாவிட்டால் எந்த நிறுவனமும் இந்த வேலைக்கு வராது என்பதும் உண்மை.

இதே ஒப்பந்த முறை மற்ற இடங்களிலும் வெற்றிபெறுமா?

நகலெடுத்தால் போதாது. வாஷிங்டன் மாநிலத்தின் ஹான்ஃபோர்டு அணு ஆயுத வளாகத்தில் 177 நிலத்தடித் தொட்டிகளில் ஏறத்தாழ 5.6 கோடி கேலன் கழிவு இருக்கிறது. அதைக் கண்ணாடியோடு உருக்கிக் கட்டியாக்கும் ஆலைக்கான ஒப்பந்தம் ராக்கி ஃப்ளாட்ஸ் ஒப்பந்தம் பிறந்த அதே 2000-இல்தான் பெக்டெல் என்ற பொறியியல் நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது. செலவும் காலமும் பன்மடங்கு பெருகின. கழிவின் வேதியியலே முழுதாகத் தெரியாத இடத்தில் இலக்குச் செலவு என்பது ஊகமே. பிரிட்டனின் செல்லாஃபீல்டு அணு வளாகத்தில் 2008-இல் தனியார் கூட்டமைப்பு ஒன்றிடம் நிர்வாகம் ஒப்படைக்கப்பட்டது. 2015-இல் அரசு அந்த ஏற்பாட்டைக் கைவிடுவதாக அறிவித்து, மறு ஆண்டு நேரடிப் பொறுப்புக்குத் திரும்பியது. மேக்னாக்ஸ் என்ற பழைய வகை அணு உலைகளைத் துப்புரவாக்கும் டெண்டரில் மதிப்பெண் இட்டதில் நேர்ந்த பிழைகளுக்காக அந்நாட்டு அரசு தோற்ற நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 10 கோடி பவுண்டு கொடுக்க வேண்டியதாயிற்று. ராக்கி ஃப்ளாட்ஸில் எல்லை தெரிந்த வேலை இருந்தது, கழிவை ஏற்க வேறிடம் இருந்தது, பணம் தவறாமல் வந்தது. இவை மூன்றும் உள்ள இடத்தில் மட்டுமே இந்த முறையைப் பரிந்துரைப்பேன்.

கைசர்-ஹில் போன பிறகு இடத்தைப் பார்த்துக்கொள்பவர் யார்? மக்கள் அங்கே போகலாமா?

பழைய தொழிற்பகுதியான ஏறத்தாழ 1,300 ஏக்கரை எரிசக்தித் துறையின் மரபுப் பொறுப்பு அலுவலகம் (மூடப்பட்ட இடங்களைப் பராமரிக்கும் பிரிவு) வைத்திருக்கிறது. அங்கே தோண்டவோ கட்டடம் எழுப்பவோ நிலத்தடி நீரை எடுக்கவோ தடை உண்டு. மாசடைந்த நிலத்தடி நீரைச் சுத்திகரிக்கும் அமைப்புகள் இன்னும் இயங்குகின்றன. பெருமழைக்குப் பின் பழைய குப்பைமேட்டின் சரிவு நகர்ந்ததால் அதைச் செப்பனிட வேண்டியிருந்தது. சுற்றியுள்ள நிலம் 2007-இல் தேசிய வனவிலங்குப் புகலிடமாகி, 2018 செப்டம்பரில் நடைபாதைகளுடன் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அதில் நடப்பது பாதுகாப்பானது என்பது ஒழுங்குமுறை அமைப்புகளின் நிலைப்பாடு. அண்டைப் பள்ளி நிர்வாகங்கள் பல, மாணவர்களை அங்கே சுற்றுலா அழைத்துச் செல்வதில்லை என்று முடிவெடுத்துள்ளன.

2019-இல் கிழக்கு எல்லையோரம் சாலை அமைப்பதற்காக மண்ணைச் சோதித்தபோது, ஒரு மாதிரியில் மட்டும் கிராமுக்கு 264 பிகோகியூரி வந்தது. ஏனைய மாதிரிகள் மிகக் குறைவாகவே காட்டின. ஒரே ஒரு நுண்துகள் ஒரு மாதிரியில் சிக்கினாலும் இப்படி நேரும் என்பது அறிவியலாளர் விளக்கம். அந்தத் துகளை மூச்சில் இழுப்பவருக்கு மற்ற மாதிரிகளின் சராசரியால் பயன் இல்லை என்பது மக்களின் பதில். அண்டையிலுள்ள புரூம்ஃபீல்டு நகரம் அந்தச் சாலைத் திட்டத்திலிருந்து விலகிக்கொண்டது. சட்டப்படி ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை முழு இடமும் மறுபரிசீலனை செய்யப்படுகிறது. அந்த அறிக்கைகளை எவரும் கேட்டுப் பெற்றுப் படிக்கலாம்.